சச்சிதானந்தன் வடிக்காமல் விட்ட ராங்கி

மார்க்கம் நகரில் ஓர் அலுவலகக் கட்டடத்தை இரவிரவாகக் கூட்டித் துடைத்து, இரண்டு பஸ் மாறி, காலை ஏழரைக்கு வோபர்னிலுள்ள வீட்டுக்கு வந்து சேருவார் சச்சிதானந்தன். தொண்ணூற்றிரண்டில் கனடா வந்து கோப்பை கழுவத் தொடங்கியவருக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. சப்பாத்தைக் கழற்றியதும் திருநீறு பூசி, முருகா என்று ஒருதரம் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலை. மூன்று கிழமையாக அந்த மற்ற வேலை பேஸ்மென்ற்றுக்கு இறங்கி, பொயிலருக்குப் பக்கத்தில் வைத்த வாளியில் சேர்ந்த தண்ணீரை ஊற்றுவதுதான்.

பழைய வீடு. பொயிலரில் கொதிக்கும் தண்ணீர் குழாய்வழியே அறை அறையாக ஓடி வீட்டைச் சூடாக்கும். ஆறியிருக்கும்போது பன்னிரண்டில் நிற்கவேண்டிய பிரஷர் முள், எரியத் தொடங்கினால் முப்பதுக்கு ஏறிவிடுகிறது. உடனே பக்கத்து வால்வு திறந்து தண்ணீரைக் கக்குகிறது. கொஞ்சம் வடிந்ததும் முள் இறங்கும். பிறகு திரும்ப ஏறும்.

மேலே கட்டிலில் மனைவி சந்திரவதனா. கட்டியைக் கர்ப்பப்பையோடு எடுத்து ஒரு மாதம். குளிர் பிடித்து இருமல் வந்தால் தையல் தாங்காது என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். வெளியே மைனஸ் பதினைந்து. பொயிலர் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் சச்சிதானந்தனுக்குப் பகல் நித்திரையும் போய்விட்டது.

சனிக்கிழமை பொறுக்கமுடியாமல், ஒஷாவாவில் பொயிலர் திருத்தும் அகஸ்ரினுக்குப் போன் அடித்தார்.

"உந்த வால்வின்ரை வாயிலை ஒரு மூடியைப் போட்டு இறுக்கிவிட்டால் என்ன, அகஸ்ரின்? தண்ணி நிக்குமெல்லே?"

"இறுக்கிப்போட்டு வீட்டிலை நிக்காதேங்கோ அண்ணை. பொயிலர் கூரையைப் பிச்சுக்கொண்டு போகும். நாளைக்குப் பூசை முடிய வாறன். அதுமட்டும் கை வைக்காதேங்கோ."

மறுநாள் அகஸ்ரின் கோயில் உடுப்போடேயே வந்து இறங்கினான். பொயிலரைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே உத்தரத்தில் தொங்கிய நீளமான இரும்புத் தண்ணீர் ராங்கியை விரலால் தட்டினான். நுனிவரை ஒரே மந்தச் சத்தம்.

"இதுக்குள்ளை பாதிக்கு மேலை காத்து நிக்கவேணும். தண்ணி சூடாகிப் பெருத்தால் ஒதுங்கிற இடம் இது. முழுக்கத் தண்ணி நிண்டால் அது எங்கை போறது? வருசா வருசம் ஐப்பசியிலை வடிக்கச் சொன்னனான். வடிச்சனீங்களோ?"

சச்சிதானந்தன் பதினைந்து வருடம் தவறாமல் வடித்தவர்தான். இந்த ஐப்பசியில் ஒப்பரேசனுக்குத் திகதி தந்திருந்தார்கள். வீட்டில் நிறைந்து கிடக்கிற எதையும் அந்த நேரத்தில் வெறுமையாக்கக் கூடாது என்று மனதுக்குப் பட்டது. அரிசி வாளியும் எண்ணெய்ப் போத்தலும் சாமித்தட்டுச் செம்பும் குறையவிடாமல் நிரப்பி நிரப்பி வைத்தார். ராங்கியையும் தொடவில்லை.

"அவ ஆசுப்பத்திரிக்குப் போற நேரத்திலை மனம் வரேல்லை" என்றார் கடைசியில்.

அகஸ்ரின் சிரிக்கவில்லை. "என்ரை மனுசியும் உப்பிடித்தான். சிலுவை போடாமல் காரை எடுக்க விடமாட்டா. ஆனால் பொயிலருக்கு உது விளங்காதே அண்ணை."

"வெள்ளிக்கிழமை அவவுக்குக் கட்டியின்ரை ரிசல்ற் சொல்லுகினம். அது முடியட்டுமே."

"வெள்ளி மட்டும் தாங்குமெண்டு நான் சொல்லமாட்டன்."

படி உச்சியில் சத்தம் கேட்டது. சால்வையைப் போர்த்தி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சந்திரவதனா நின்றாள்.

"நீர் ஏன் எழும்பினனீர்?"

"நீங்கள் மூண்டு கிழமையா வாளி இழுக்கிற சத்தத்திலை ஆர் படுக்கிறது? வடியுங்கோப்பா. என்னையும் வெறுமையாக்கித்தானே காப்பாத்தினவை. ராங்கிக்கு மட்டும் என்ன கண்டறியாத ஞாயம்?"

அவர் படியேறினார். அவளை மெல்ல நடத்திக்கொண்டுபோய்ப் படுக்கவைத்து, இரண்டு போர்வை போர்த்திவிட்டு இறங்கினார்.

அகஸ்ரின் பொயிலரை நிறுத்தி, ராங்கிக்குப் போகும் குழாயைப் பூட்டி, அடிப்பக்கத்து வடிக்கிற பைப்பைத் திறந்தான். கறுத்த தண்ணீர் துரு மணத்தோடு இறங்கியது. உடுப்புத் தோய்க்கிற தொட்டிவரை வாளியை நான்தான் தூக்குவேன் என்று சச்சிதானந்தன் நின்றார். இடுப்பு விட்டுப்போனது. வாளிக்கு ஒரு முருகா சொன்னார். எட்டாவது வாளியோடு ராங்கி காற்றை இழுத்து மூச்சுவிட்டது. வீடு அதற்குள் குளிரத் தொடங்கியிருந்தது.

பைப்பைப் பூட்டி, குழாயைத் திறந்து, பன்னிரண்டுக்குத் தண்ணீர் விட்டு அகஸ்ரின் பொயிலரை மூட்டினான். முள் பதினைந்துக்கு வந்தது. பதினெட்டுக்கு வந்தது. அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்கு மேலே அசையவில்லை. வால்வின் வாய் காய்ந்து கிடந்தது.

அகஸ்ரின் பிளேன்ரீ குடித்துவிட்டுப் போனபின், சச்சிதானந்தன் வெறும் வாளியைக் கொஞ்சநேரம் பார்த்தார். அரைவாசியாவது தண்ணீர் விட்டு வைப்போமா என்று கை போனது. பிறகு அதைத் துடைத்து மூலையில் கவிழ்த்து வைத்தார். மேலே சந்திரவதனா வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை. கட்டில் பக்கத்து வெந்நீர்க் குழாய் இரும்பு சுடத் தொடங்கியிருந்தது.

வேலைக்குப் போக ஆறு மணித்தியாலம் இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள். அதை முருகன் பார்க்கட்டும் என்று, உடுப்பும் மாற்றாமல் அவளருகே சரிந்தார்.