ஆள் உட்கார்ந்த பிறகு முறுக்க வேண்டிய நட்டு

என் கணவர் இனி என் வண்டியில் ஏறமாட்டேன் என்று சொன்னது துர்கா பூஜைக்கு முந்திய ஒரு வாரத்தில். கல்கத்தா பாலிகஞ்சில் எங்கள் தெருமுனையில் குழாய்க்காகத் தோண்டி, பேருக்கு மூடிய பள்ளம் ஒன்று இருந்தது. பின்சக்கரம் அதில் இறங்கியது. அடியிலிருந்து தடாலென்று ஒரு சத்தம், பக்கத்துச் சீட்டிலிருந்து "அம்மா" என்று இன்னொரு சத்தம். வாசலில் நிறுத்தியபோது அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே சீட்டு, அதுவும் ஏறக்குறையத் தரையில் இருக்கும். வாசலில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் இறங்கி வந்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை வெளியே எடுத்தார்கள்.

சில மாதங்களில் முதுகு சரியாயிற்று. ஆபீஸ் போனார், மெட்ரோ படி ஏறினார், பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். காரிலும் போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். என் வண்டி என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அது வண்டி இல்ல, அம்மிக்கல்லுக்குச் சக்கரம் வச்சிருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை உட்கார வைத்துக்கொண்டு அலிப்பூர் வரை போய், டீ குடித்துவிட்டு வரத்தான் நான் அந்த வண்டியையே வாங்கினேன். வங்கியில் வாரம் முழுக்க ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறவளுக்கு அந்தக் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது. பக்கத்துச் சீட்டு காலியாகக் கிடக்க ஓட்டினால் எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

கல்கத்தா ரோடு மோசம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம். அவர் கொடாக்கண்டன் என்றால் நான் விடாக்கண்டன். மறுபடி அவரை அந்தச் சீட்டில் உட்கார வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு, வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினேன்.

பின்னால் இருப்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வில். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள், வில்வண்டியில் இருக்கும் அதே சங்கதி. பட்டைகள் ஒன்றோடொன்று உரசி வழுக்கினால்தான் வில் வளையும். என் வண்டியில் துருப்பிடித்து எல்லாம் ஒரே கட்டையாகி இருந்தது. ஆட்டத்தை அடக்க வேண்டிய பழைய ஷாக் அப்சர்பரில் எண்ணெயெல்லாம் ஒழுகிப்போய் வெறும் டப்பாதான் மிச்சம். இந்த லட்சணத்தில் ஒரு மனிதனின் முதுகு தாங்குமா?

ஞாயிறு ஞாயிறாக வேலை செய்தேன். பட்டைகளைப் பிரித்து, துருவைத் தேய்த்து, இடையில் வழுக்குவதற்கு மெல்லிய பிளாஸ்டிக் பட்டிகள் வைத்துச் சேர்த்தேன். பழைய ஷாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய குழாய் வகையை மாட்டினேன். வில்லின் இரண்டு முனையிலும், அதை வண்டியோடு பிணைக்கும் போல்ட்டைச் சுற்றி உட்காரும் ரப்பர் புஷ் புதிது. கீழ் வீட்டு பௌதி, அண்ணி மாதிரி எங்களுக்கு உரிமையுள்ள வங்காளிப் பெண்மணி, ஒவ்வொரு வாரமும் எட்டிப் பார்த்து, நான் உயிரோடு இருக்கிறேனா என்று விசாரித்துவிட்டுப் போவார்.

எல்லாம் முடித்து ஓட்டிப் பார்த்தால், பழைய குருடி கதவைத் திறடி. வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. டிராம் தண்டவாளத்தில் ஏறி இறங்கியபோது என் பல்லே கிடுகிடுத்தது. சில வாரத்தில் கிறீச் கிறீச் என்று சத்தம் வேறு. கழற்றிப் பார்த்தேன். புது ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழிந்திருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மண்டையில் ஏறியது. வண்டியைத் தூக்கி வைத்து, சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தபோதே ரப்பரை இறுக்கிப் பிடிக்கும் நட்டுகளை முறுக்கியிருக்கிறேன். நின்றபடி, வயிற்றை எக்கிப் பிடித்துப் பாவாடை நாடாவை முடிந்துகொண்டு, பந்தியில் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அதேதான். எடை ஏறி வில் அமர்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். அதுவும் ஆள் உட்கார்ந்திருக்கிற எடையில்.

மறுபடி ரப்பர் வாங்கினேன். அடுத்த ஞாயிறு நாலு சக்கரத்தையும் கனமான மரக்கட்டைகள் மேல் ஏற்றி, நகராமல் முட்டுக் கொடுத்தேன். லேக் மார்க்கெட்டிலிருந்து புழுங்கல் அரிசி மூட்டைகள் வந்திறங்கின. ஓட்டுகிற சீட்டில் எனக்குப் பதில் இரண்டு. அவருக்குப் பதில் மூன்றாவதைத் தூக்கும்போது பௌதி பார்த்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்து, மாடியில் இருந்த என் கணவரைப் பார்த்து, "தாதா, உங்க இடத்துக்கு அரிசி வந்தாச்சு" என்று வங்காளியில் குரல் கொடுத்தார். அவர்களுக்குத் தாதா என்றால் அண்ணன்.

அவர் இறங்கி வந்தார். மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அதைக் கீழ வை" என்றார். "நான் உக்கார்றேன். வண்டி ஓடாதுல்ல?"

"ஓடாது. நீங்க வெறும் எடைதான்."

வண்டியின் முன்கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி உட்கார்ந்தார். வில் அமர்வதை அடியில் படுத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு நட்டை முறுக்கியிருப்பேன், மேலிருந்து அவர் குரல் வந்தது.

"வலிக்குப் பயந்து இல்ல."

"என்ன?"

"நான் ஏறாதது. அன்னைக்கு அத்தனை பேர் பாக்க என்னை மூட்டை மாதிரி தூக்கினாங்களே. உன் வண்டியில போய்ட்டு வந்தா மறுபடி அங்கதானே இறங்கணும்."

ஸ்பேனர் என் கையிலேயே நின்றுவிட்டது. நான் இத்தனை நாள் இரும்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், இதை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடியில் படுத்துக்கொண்டு அழுதால் துரு கண்ணில் விழும்.

"நல்லா சாஞ்சு உக்காருங்க. எடை பின்னால வரணும்" என்றேன். மிச்ச நட்டுகளையும் ஒன்று விடாமல் இறுக்கினேன்.

வெளியே வந்து, "முடிஞ்சது, இறங்கலாம்" என்றேன்.

அவர் அசையவில்லை. "சரியா இருக்கான்னு ஓட்டிப் பாக்க வேண்டாமா?"

அரிசியை இறக்கிவிட்டு, கட்டைகளிலிருந்து வண்டியை இறக்கினேன். தெருமுனைப் பள்ளம் அப்படியேதான் இருந்தது. சுற்றிப் போகவில்லை. பின்பக்கம் இறங்கியது, ஏறியது, ஒருமுறை அசைந்து அடங்கியது. அவர் "ம்" என்றார். அலிப்பூர் போய் மண்குவளையில் டீ குடித்தோம்.

திரும்பி வந்தபோது வாசலில் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. போன வருஷத்து ஆட்களேதான். ஒருவர் எங்களைப் பார்த்ததும் மூங்கிலைக் கீழே போட்டுவிட்டு வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

என் கணவர் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். முதல் தடவை எழும்ப முடியவில்லை. என் கை அவர் தோளுக்குப் போகப் பார்த்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்து மறுபடி எழுந்தார். நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மூங்கில்காரரிடம் பந்தல் எப்போது முடியும் என்று கேட்டார்.

அதற்கப்புறம்தான் நான் ஸ்டியரிங்கை விட்டேன்.