கண்ணை மூடினால் காணாமல் போகும் கால்கள்

அன்பான சபையாரே, என்னைப் பிடித்திருந்தது பேய் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களில் சிலர் இன்னும் என்னைக் கண்டால் ஒதுங்கித்தான் போகிறீர்கள்.

நான் எஸ்தர். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறேன். தங்கச்சி ரூத் அங்கேயே வெடிமருந்து அடைக்கும் அறையில் இருந்தாள். போன வருஷம் ஆடியில், தலைக்குக் குளிக்கும்போது முதல்முறை விழுந்தேன். நுரை பட்டுவிடாமல் கண்ணை மூடினேன், கால் இரண்டும் இல்லாமல் போய்விட்டன. வலி இல்லை. கண்ணைத் திறந்தால் கால்கள் அதனதன் இடத்தில் இருந்தன, வேறு யாருடையதோ போல.

பிறகு அது சபைக்கும் வந்தது. பாட்டுக்கு நிற்பேன். "கண்களை மூடி ஜெபிப்போம்" என்று பாஸ்டர் சொன்னதும் விழுவேன். முதல் வாரம் ஆவியின் அபிஷேகம் என்று அல்லேலூயா போட்டீர்கள். மூன்றாவது வாரம் அல்லேலூயா நின்றுபோனது.

"ஜெபம்னா மட்டும் விளுறா, பாத்தீகளா? உள்ள என்னமோ இருக்கு" என்று பின்வரிசையில் ஒரு அக்கா சொன்னது எனக்கே கேட்டது.

உபவாசக் கூட்டத்தில் என்னை நடுவில் நிறுத்திக் கண்ணை மூடச் சொன்னார்கள். விழுந்தேன்.

"உன் பேரு என்ன? பேரைச் சொல்லிட்டு வெளிய போ!" என்று பாஸ்டர் அதட்டினார்.

"எஸ்தரு."

"அவ பேரக் கேக்கல. உன் பேரச் சொல்லு!"

எனக்குள்ளிருந்து வேறு யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தப் பயத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்தபடி நின்று அழுதேன். "ஆண்டவரே, குணமாக்கும்னுகூடக் கேக்கல. இதோட பேரை மட்டும் எனக்குச் சொல்லும்" என்று ஜெபித்தேன். ஆமென் சொன்ன பிறகுதான் உறைத்தது. நான் விழவில்லை. கண் திறந்தே இருந்தது. ஜெபம் பிடிக்காத பேய் என்றால் இதற்கும் என்னைத் தள்ளியிருக்க வேண்டுமே!

மறுநாளே ரூத்தோடு மதுரைக்குப் பஸ் ஏறினேன். நரம்பு டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, கால் பெருவிரலை மேலே தூக்கியிருக்கிறாரா கீழே இறக்கியிருக்கிறாரா என்று கேட்டார்.

"நீங்க இன்னும் அசைக்கவே இல்லயே டாக்டர்" என்றேன். பார்த்துக்கொண்டிருந்த ரூத் அழுதுவிட்டாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். மரபணுச் சோதனைக்கு ரத்தம் அனுப்பினார்கள். பல வாரம் கழித்துச் சீட்டில் பேர் வந்தது: மைட்டோகாண்டிரியா நோய். மைட்டோகாண்டிரியா என்பவை உடம்பின் செல்லுக்குச் சக்தி தயாரிப்பவையாம். அவை பழுதானதால், கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் பாதை தண்டுவடத்தில் கெட்டுவிட்டது. கண்தான் பார்த்துப் பார்த்து அந்த வேலையைச் செய்கிறது. அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டியவர்கள். இருவரிடமும் வெளியே தெரியாமல் ஒளிந்திருந்தது எனக்குள் வந்து முழித்துக்கொண்டது. அடியோடு தீர்க்க மருந்து இல்லை.

"கூடப் பிறந்தவங்களயும் பாக்கணும்" என்றார் டாக்டர்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா" என்று ரூத் மறுத்துவிட்டாள்.

சீட்டைப் பாஸ்டரிடம் நீட்டினேன். "நீங்க கேட்ட பேரு இதுதான்." இரண்டு தரம் படித்தார். "மன்னிச்சிருங்கம்மா, இனிமே நீங்க கண்ணத் தொறந்தே ஜெபிங்க" என்றார்.

அப்படித்தான் இந்தத் தீபாவளி சீசனில் ஒரு ஞாயிறு அதைப் பார்த்தேன். சபை முழுக்க மூடிய கண்கள், அசையும் உதடுகள். ஜன்னலோரம் ரூத். கண்ணை மூடியதும் அவள் கை மெல்ல நீண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தது. ஆமெனுக்கு விட்டது. அடுத்த ஜெபத்துக்கு மறுபடியும் பிடித்தது. விடிந்தால் அவள் வெடிமருந்துத் தட்டோடு படி இறங்க வேண்டியவள். தட்டு மறைத்தால் கால் கண்ணுக்குத் தெரியாது.

"எத்தன நாளா புள்ள?"

"வைகாசிலருந்துக்கா. அந்தப் பேரு எனக்கும் வந்துருமோன்னு பயந்து சொல்லல."

அதற்குப் பிறகு அவளை அந்த அறைக்கு நான் விடவில்லை. இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிறாள். நான் கேட்டது ஒரு பேர். ஆண்டவர் தந்தது தங்கச்சியின் உயிர். அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் போதாது.

உங்கள் வீட்டில் யாராவது விழுந்தால் முதலில் தாங்கிப் பிடியுங்கள். பேரைப் பிறகு கேட்கலாம். ஆண்டவரை நம்பிக் கேளுங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டிலும் அவர் பதில் எழுதுவார்.

இப்போது ஜெபிப்போம். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நானும் ரூத்தும் பார்த்துக்கொள்கிறோம்.