அரைக் கிலோவும் முக்கால் கிலோவும்

சகலைக்கு ரிவால்வர் உரிமம் கிடைத்த செய்தியை என் மனைவிதான் சொன்னாள். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். ஒரு கன்னம் முடிந்திருந்தது.

"தங்கச்சி வீட்டுக்காரரு துப்பாக்கிக்கு எழுதிப் போட்டது கெடச்சிட்டாம். உங்களுக்கு என்னாச்சு?"

நான் மற்றக் கன்னத்தையும் முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். அன்றைய நாட்குறிப்பில் "காலை 7.10. சகலைக்கு உரிமம். மோவாயில் சிறு வெட்டு" என்று இருக்கிறது. அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

சகலை என் மனைவியின் தங்கை கணவர். என்னைவிட மூன்று வயது இளையவர். அஞ்சுகிராமத்தில் நகைக்கடை வைத்திருக்கிறார். ஒரு மாலையில் கடையைச் சாத்திவிட்டு நகைப்பையோடு நடந்தவரை, பைக்கில் வந்த இருவர் கால்வாய்க் கரையில் தள்ளிவிட்டார்கள். பை போகவில்லை. வலது முழங்கை உடைந்து, உள்ளே தகடு வைத்தார்கள். தள்ளியவர்கள் இன்றுவரை பிடிபடவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் அவர் தற்காப்புக்கு ரிவால்வர் உரிமம் கேட்கப்போவதாகச் சொன்னார். நானும் கேட்டேன். பேச்சிப்பாறைப் பக்கம் எனக்குச் சிறிய ரப்பர் தோட்டம் இருக்கிறது. தனியாகப் போய் வருகிறேன். ரப்பர் பாலை உறையவைத்துச் செய்யும் ஷீட்டுகளைத் திருட வந்தவர்கள் இரண்டு முறை மிரட்டியிருக்கிறார்கள்.

இரண்டு விண்ணப்பங்களையும் எழுதியது நான்தான். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்று அவர் தன்னுடையதையும் என்னிடம் தந்துவிட்டார். ஒரே நாளில், ஒரே பேனாவால் எழுதினேன். விசாரணைக்கு வந்த காவலர் என்னிடம், "ரப்பர் வெட்டப் போறவருக்கு ரிவால்வர் எதுக்கு சார்? வெட்டுக்கத்தி கையில இருக்கும்லா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு வந்த கடிதத்தில் போதிய காரணம் இல்லை என்றிருந்தது. அவருக்குக் காரணம் முழங்கைக்குள்ளேயே இருந்தது. அந்தத் தகடு என் கையில் இருந்திருக்கக் கூடாதா என்று நான் நினைத்தேன். ஒரு தடவை அல்ல, பல தடவை.

விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே நான் ஒரு நோட்டு எழுதி வந்தேன். தனி மனிதன் வாங்கக்கூடிய ரிவால்வர்கள், அவற்றின் எடை, குழலின் நீளம், துடைக்கும் முறை, பூட்டி வைக்கும் முறை, தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டிய விதி எல்லாம் அதில் உண்டு. கடைசியில் இரண்டு மாதிரிகள் மிஞ்சின. இரண்டும் ஆறு குண்டு. ஒன்று ஏறத்தாழ முக்கால் கிலோ, குழல் நீளம். மற்றது அரைக் கிலோ, கட்டையானது.

எது வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. எனவே ஷீட் நிறுக்கும் தராசிலிருந்து அரைக் கிலோக் கல் ஒன்றையும் கால் கிலோக் கல் ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டையும் சேர்த்துத் துணியில் சுற்றி, வேட்டிக்கு மேல் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டில் செருகி, மேலே சட்டையை விட்டுக்கொண்டு பதினைந்து நாள் நடந்தேன். பிறகு அரைக் கிலோவை மட்டும் பதினைந்து நாள். ஸ்கூட்டரில், பஸ்ஸில், பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குனிந்து செருப்பு மாட்டி என்று எல்லாவற்றையும் குறித்தேன்.

மனைவி பார்த்துவிட்டாள். "இடுப்புல கல்லக் கெட்டிட்டு எங்க போறியோ? கொளத்துல சாடவா?"

முப்பத்தொன்றாம் பக்கத்தில் முடிவை எழுதினேன். முக்கால் கிலோ: ஐந்தாம் நாள் இடுப்பெலும்பில் சிவப்பு, நாற்பது நிமிடத்தில் வேட்டி தளர்கிறது, கையை உயர்த்தினால் சட்டையில் புடைப்பு தெரிகிறது. அரைக் கிலோ: மூன்றாம் நாள் இருப்பதே மறந்துவிட்டது. அதன் கீழே, "உடன் இருக்க வேண்டிய பொருள், இருப்பது தெரியாமல் இருந்தால்தான் உடன் இருக்கும். எனவே சிறியது" என்று எழுதி அடிக்கோடிட்டேன். அதே பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு. கோயிலுக்குப் போகும் நாளில் வீட்டுப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டே புறப்பட வேண்டும். நம் பக்கத்துக் கோயில்களில் வாசலிலேயே ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். துப்பாக்கியைப் பிறர் கையில் கொடுக்கவும் முடியாது, வண்டியில் போட்டுவிட்டுப் போகவும் முடியாது.

உரிமம் வந்த மூன்றாம் நாள் சகலை வீட்டுக்கு வந்தார். "அண்ணாச்சி, நீங்க எல்லாம் எழுதி வச்சிருப்பியளே. எனக்கும் ஒரு காப்பி தாங்கோ. கடைக்கும் நீங்கதான் கூட வரணும்."

இரண்டு நாள் உட்கார்ந்து நல்ல தாளில் படி எடுத்துக் கொடுத்தேன். முப்பத்தொன்றாம் பக்கத்தை மட்டும் எழுதவில்லை. மறந்துபோகவில்லை. அது என் கல், என் இடுப்பு, என் முப்பது நாள் என்று தோன்றியது. உரிமம்தான் அவருக்குப் போய்விட்டது, இதுவுமா என்று தோன்றியது.

மதுரையில் துப்பாக்கிக் கடை. பச்சைத் துணி விரித்த மேசைமேல் கடைக்காரர் இரண்டையும் வைத்தார். நோட்டில் நான் எழுதிய அதே இரண்டு. படத்தில் பார்த்ததைவிடச் சிறியது அழகாக இருந்தது. சகலை அதை எடுத்து, உருளையைத் திறந்து பார்த்து, இடுப்பில் வைத்து, சட்டையை மேலே விட்டார்.

"அண்ணாச்சி, இது இருக்கதே தெரியல்ல, கேட்டியளா."

நான் அடிக்கோடிட்ட வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தது. முப்பது நாள் கல் சுமக்காமலே வந்துவிட்டது.

"அண்ணாச்சியும் ஒண்ணு பிடிச்சுப் பாக்கட்டும்" என்று அவர் அதை என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டியும்விட்டேன். கடைக்காரர் நடுவில் கைவைத்தார்.

"சார், உரிமம் இருக்கிறவங்க மட்டும். தப்பா நினைக்காதீங்க."

நீட்டிய கையை நான் எப்படித் திரும்ப எடுத்தேன் என்று தெரியவில்லை. மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே எடுத்திருப்பேன். கடைக்காரர் பேச்சை மாற்ற, "இது லைட் வெயிட் சார். லேடீஸ்கூட விரும்பி எடுக்கறாங்க" என்றார்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "பொம்பளையளுக்கு உள்ளதாக்கும் தம்பி அது. கடைக்கு வாறவன் பாத்தா சிரிப்பான்."

சகலை கையைச் சுட்டதுபோல அதைக் கீழே வைத்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பெரியதை வாங்கினார். நான் சொன்னதில் பொய் இல்லை என்று ஊர் வரும்வரை பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

முதல் மாதம் அவர் அதை இடுப்பில் வைத்துத்தான் நடந்தார். மாமியார் வீட்டில் அவர் வந்தால் எல்லோருடைய கண்ணும் அவர் இடுப்புக்குப் போனது. மைத்துனன் எழுந்து நாற்காலி கொடுத்தான். என் மனைவிகூட, "தங்கச்சி இனிப் பயமில்லாம இருப்பா" என்றாள். நான் அவர் சட்டையின் புடைப்பை மட்டும் பார்த்தேன். இடது பக்கம் வேட்டி கீழே இறங்கியிருந்தது. ஐந்தாம் நாள் சிவந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

இரண்டாம் மாதம் ஒரு மாலை அஞ்சுகிராமம் போனேன். கடை சாத்தும் நேரம். சகலை நகைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். சட்டை தட்டையாக இருந்தது.

"எங்க தம்பி அது?"

"மேசைக்குள்ள கெடக்கு அண்ணாச்சி. இடுப்பெல்லாம் புண்ணாப் போச்சு. வண்டி ஓட்டுனா தொடையில இடிக்கி. அவசரத்துக்கு உண்டும்லா, கடையிலதானே இருக்கு."

அவசரம் கடைக்குள் வரவில்லை, கால்வாய்க் கரையில்தான் வந்தது என்று அவருக்கே தெரியும். எனக்கும் தெரியும். அன்று அந்தக் கரை வழியே அவரோடு நடந்தேன். பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் தகடு வைத்த கையால் பையை இறுக்கினார். அப்போது சொல்லியிருக்கலாம். "வெயில் கொறஞ்சா பழகிரும்" என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து அதையும் எழுதினேன், நேரத்தோடு.

அவருடைய மகளின் குழந்தைக்குச் சுசீந்திரத்தில் சோறூட்டு. தாய்வழித் தாத்தா மடியில் வைத்து முதல் வாய் ஊட்டுவது எங்கள் வழக்கம். அன்று காலை குழந்தையின் அரைஞாண் கடைப் பெட்டகத்தில் இருந்தது. சகலை அதை எடுக்கப் போனார். நகை கையில் இருக்கும் நாள் என்பதால் ரிவால்வரையும் இடுப்பில் செருகிக்கொண்டு, நேரமாகிவிட்டதே என்று அங்கிருந்து நேராகக் கோயிலுக்கு வந்துவிட்டார்.

வாசலில் ஆண்கள் எல்லோரும் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டிருந்தோம். சகலை முதல் பொத்தானைக் கழற்றினார். இரண்டாவதில் கை நின்றது. மற்றக் கை இடுப்பைத் தொட்டது. என்ன என்று எனக்கு உடனே புரிந்தது. முப்பத்தொன்றாம் பக்கத்தின் அடிக்குறிப்பு கண்முன் நின்றது.

"மாமா, வாங்கோ, நேரம் ஆச்சு" என்று மருமகன் உள்ளிருந்து கூப்பிட்டார்.

சகலை என்னை ஓரமாக இழுத்தார். "அண்ணாச்சி, ஒரு கால் மணிக்கூறு நீங்க இதப் பிடிச்சிக்கிட்டு வண்டியில இருப்பேளா? பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டிட்டு ஓடி வாறேன்."

"உரிமம் இருக்கவங்க மட்டுந்தான் தம்பி" என்றேன். "தப்பா நெனைக்காண்டாம்."

சட்டப்படி அது சரியான பதில். அதைச் சொல்லும்போது எனக்கு இனித்தது. அவர் அரைஞாணை என் கையில் தந்துவிட்டு, சட்டையைத் திரும்பப் பூட்டிக்கொண்டு காருக்கு நடந்தார். குழந்தையை என் மடியில் வைத்தார்கள், நானும் அந்தப் பக்கத்துத் தாத்தாதானே என்று. கனமே இல்லாத பிள்ளை. முதல் வாய்ச் சோற்றை நாக்கால் தள்ளிப் பார்த்துவிட்டு விழுங்கினாள். என் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்தார். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. அதில் நான் சிரிக்கும் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வெளியே வந்தபோது சகலை கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வியர்வையில் நனைந்து, வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பிள்ள தின்னாளா?"

"தின்னா."

"துப்பல்லியே?"

"ரெண்டாவது வாயத் துப்பினா."

"யாரு மடியில வச்சாவோ?"

"என் மடியில."

அவர் கொஞ்சநேரம் கோபுரத்தைப் பார்த்தார். "செரி. நீங்க இருந்தது நல்லதாப் போச்சு அண்ணாச்சி."

அதை அவர் மனதாரச் சொன்னார். என் இடத்தில் அவரும் அவர் இடத்தில் நானுமாக இருந்திருந்தால் நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முப்பத்தொன்றாம் பக்கத்தை நோட்டிலிருந்து அளவுகோல் வைத்துக் கிழித்து எடுத்துக்கொண்டு அஞ்சுகிராமம் போனேன். நான் நோட்டில் தாள் கிழிப்பவன் அல்ல. சகலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கல் கட்டிய இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பந்தியில் சம்மணம் போட்ட இடத்தில் மறுபடி சிரித்தார். அடிக்குறிப்புக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. பக்கத்தின் தலையில் இருந்த தேதியைப் பார்த்தார். நான் எந்தப் பக்கத்தையும் தேதி இல்லாமல் எழுதுவதில்லை.

"இது மதுரைக்குப் போறதுக்கு முன்ன எழுதினதுல்லா?"

"அதுக்கும் ரெண்டு மாசம் முன்ன."

"அப்பம் ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"பொம்பளையளுக்கு உள்ளதுன்னு சொன்னியளே."

"சொன்னேன்."

"எதுக்கு அண்ணாச்சி?"

வேறு பதில்கள் இருந்தன. கடைக்காரர் சொன்னது, பெரியதன் குழல் நீளம், குறி தவறாது என்பது. "எனக்குக் கெடைக்கல்ல. அதுக்குத்தான்" என்றேன்.

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கடையில் ஒரு பெண்மணி கம்மல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி போகும்வரை சகலை ஜோடி ஜோடியாக எடுத்துக் காட்டினார். போனபிறகு, "அந்தக் கல்லு இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"கொண்டாங்கோ. நானே பதினஞ்சு நாள் கெட்டிப் பாத்துக்கிடுதேன். ஒங்க வாக்க இனி நம்ப ஒக்காது."

அன்று மாலையே அரைக் கிலோக் கல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதினைந்து நாள் கட்டினார். மூன்றாம் நாள் மறந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் கல்லைத் திருப்பித் தந்துவிட்டு, ஒரு விண்ணப்பத்தை என் முன்னால் வைத்தார். ஒன்றை விற்று இன்னொன்றை வாங்க அனுமதி வேண்டும். காரணம் என்ற கட்டம் வந்தபோது பேனா நின்றது. அவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அன்றாடம் உடன் எடுத்துச் செல்ல எடை கூடுதலாக உள்ளது" என்று எழுதினேன். அவர் படித்துப் பார்த்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்து, கையெழுத்துப் போட்டார். முன்பெல்லாம் நான் எழுதியதை அவர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்.

அனுமதி வர ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் கடை சாத்தும் நேரத்தில் நான் அஞ்சுகிராமம் போய், கால்வாய்க் கரையில் அவரோடு நடந்தேன். அவர் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சில நாள் பேசினோம். மதுரைக்கு இந்த முறை அவர் மைத்துனனைக் கூட்டிக்கொண்டு போனார்.

சென்ற வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். வேட்டி, வெள்ளைச் சட்டை. நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், குனிந்து செருப்பை மாட்டினார், அலமாரி மேலிருந்த காலண்டரைக் கையுயர்த்தி எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் வேண்டுமென்றே செய்கிறாரோ என்று தோன்றியது.

"பாத்தேளா அண்ணாச்சி?" என்றார்.

"பாத்தேன்."

"எந்தப் பக்கம்?"

எனக்குத் தெரியவில்லை. இடதா வலதா என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. என் தேர்வு சரியானது. அது அவர் இடுப்பில் இருந்தது. அவர் போனபிறகு நோட்டை எடுத்து, "மாலை 5.40. புடைப்பு இல்லை. பொறாமை இருக்கிறது" என்று எழுதிவிட்டு, கல்லைத் தராசுக்குத் திரும்பக் கொண்டுபோகப் பையில் வைத்தேன்.