அக்கா ஊன்றிய கல்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேராவது அக்காவை ஒருநாள் தங்கள் நிலத்தை அளக்க அழைத்திருப்பீர்கள். எங்கள் தாலுகாவில் சர்வேயர் வேலைக்கு வந்த முதல் பெண் அவர். கீரமங்கலத்தை அடுத்த எங்கள் ஊரில் வீட்டுக்கு மூத்தவராகப் பிறந்து, ஆலங்குடிக்குப் பேருந்தில் போய்ப் படித்து, தேர்வெழுதி அந்த வேலையைப் பெற்றார்.

தொடக்க நாட்களில் அவர் வரப்பில் இறங்கினால், "சர்வேயர் எப்ப வருவாரு ஆத்தா?" என்று அவரிடமே கேட்பார்கள். "வந்து அரை மணி நேரமாச்சுங்க. சங்கிலியப் பிடிங்க" என்பார். வெளிவேலை நாட்களில் ஒதுங்க இடம் இருக்காது என்று பகல் முழுவதும் தண்ணீர் குடிக்கமாட்டார். பின்னாளில் வந்த சிறுநீரக நோய்க்கு அதுவும் ஒரு காரணம் என்று அக்காவின் கணவரான மாமா இன்றும் சொல்கிறார்.

அவர் பணியில் சேர்ந்த நான்காம் ஆண்டு, எங்கள் தென்னந்தோப்பை ஒட்டிய நிலத்துக்காரரான சித்தப்பா, அப்பா எல்லை தாண்டிவிட்டதாக மனுக் கொடுத்தார். சொந்த நிலம் என்பதால் வேறொருவரை அனுப்பும்படி அக்கா எழுதிக் கேட்டார். அப்பா விடவில்லை. "என் மக இருக்கையில எவன் வந்து அளக்கிறது?" என்றார். சித்தப்பாவும், "அது கூடக் கொறய அளக்காது. அதே அளக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்று வியாழக்கிழமை. சங்கிலியின் மறுமுனையை நான் பிடித்திருந்தேன். அக்கா மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் அப்பா வைத்த தென்னைகளில் பதினொன்று சித்தப்பாவின் நிலத்தில் நின்றன.

"இன்னொரு தடவ அளந்து பாருத்தா" என்றார் அப்பா.

"எத்தன தடவ அளந்தாலும் கல்லு இங்கதான்ப்பா வரும்."

எல்லைக் கல்லை ஊன்றிவிட்டு அக்கா சைக்கிளில் போனார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள், தாம் இறக்கும்வரை, அப்பா அவரிடம் பேசவில்லை.

அக்கா எதிராளியோடு சேர்ந்து தவறாக அளந்ததாக மேலிடத்துக்கு ஒரு மனு போனது. அவரிடம் விளக்கம் கேட்டார்கள். பதவி உயர்வு தள்ளிப்போனது. வேறொருவர் வந்து அளந்தபோதும் கல் நகரவில்லை. பிற்பாடு அவர் ஆய்வாளராக உயர்ந்து ஓய்வு பெற்றதை எல்லோரும் அறிவீர்கள். அந்த மனுவை எழுதியது யார் என்பதைச் சிலரே அறிவர். அப்பா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். என் கையெழுத்து அக்காவுக்குத் தெரியாததல்ல.

அக்காவின் கடைசி மாதத்தில் ஒருநாள், டயாலிசிஸ் முடிந்து காரில் திரும்பும்போது கேட்டார்: "அப்பா அந்தக் கல்லப் புடுங்கணும்னு ஒரு தடவகூட நெனக்கலையாடா?"

"இல்லக்கா. அதுல மாடு கட்டக்கூட விடமாட்டாரு."

"அப்ப நான் அளந்தது சரின்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு." என்னைப் பார்த்து, "ஒனக்குந்தான்" என்றார்.

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எதையும் விடாமல் எழுதும் நான், அன்றைய நாட்குறிப்பில் இதை எழுதவில்லை.

அக்காவைக் கவனித்துக்கொண்ட செவிலியர்களுக்கும், உடன் பணியாற்றியவர்களுக்கும், பதினாறு நாளும் எங்களோடு இருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. காரியத்துக்குத் தேங்காய் வாங்க நான் கிளம்பியபோது, சித்தப்பா ஒரு சாக்குடன் ஆட்டோவில் வந்து இறங்கினார். "கடைக்குப் போகாதப்பா. இது அந்தப் பதினொரு மரத்துக் காயி" என்றார். அவருக்குத் தனியே நன்றி.

அக்கா இருக்கும்போது சொல்லாததை, அவரை நம்பி நிலம் அளக்கச் சொன்ன உங்கள் முன் அச்சில் சொல்கிறேன். அவருடைய அளவு சரியானது. சங்கிலியின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் சொல்கிறேன்.

– தம்பி