வாய்க்கால் கரையில் திரும்பாத சாவி

என் வீட்டுக்காரரைப் பாம்பு கடித்த அன்று எங்கள் காரின் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டது. சாவி திரும்பவே இல்லை. அந்த நேரத்தில் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள்.

போன குறுவை நடவு. எங்கள் வயல் ஒரத்தநாட்டுக்குப் பக்கம். ஏழு மணிக்கு வர வேண்டிய நடவுப் பெண்கள் எட்டுப் பேரும் ஒன்பது மணிக்குத்தான் வந்தார்கள். தெருவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு வருவதாக அவர்களில் மூத்தவரான அஞ்சலையக்கா சொன்னார். நான் காதிலேயே வாங்கவில்லை. மிஷினைக் கூப்பிட்டு நட்டுக்கொள்கிறேன், நீங்கள் கிளம்பலாம் என்று விரட்டிவிட்டேன். என் வாய் அப்படி. அவர்கள் பக்கத்து வயலில் போய் இறங்கிவிட்டார்கள்.

பதினோரு மணி இருக்கும். மடை திறக்கப் போன என் வீட்டுக்காரர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி விரியன். கணுக்காலில் இரண்டு பல். அவரைத் தாங்கிப் பிடித்து மெல்லக் கொண்டுவந்து காரில் உட்கார வைத்தேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள்.

கார் வாய்க்கால் கரைச் சரிவில் நின்றது. தண்ணீருக்குள் உருண்டுவிடக் கூடாதென்று, இங்கே எல்லோரும் செய்வதுபோல, முன்சக்கரத்தை முழுக்க ஒடித்துக் கல்லில் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தோம். அந்தச் சாவி பத்து நாளாகவே மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. அவர் எப்படியோ ஆட்டி ஆட்டித் திருப்பிவிடுவார். மெக்கானிக்கிடம் அப்புறம் காட்டலாம், அப்புறம் காட்டலாம் என்றே நாள் போய்விட்டது. எனக்கு அசையவில்லை. விரல் சிவந்து போனது. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் குத்தினேன், கத்தினேன்.

"பாக்கியம், கோவப்படாத. ஜெபம் பண்ணு" என்றார். அவருக்கு நாக்குக் குழற ஆரம்பித்திருந்தது.

கண்ணை மூடினேன். "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்." அவ்வளவுதான் வந்தது. கண்ணைத் திறந்தால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை அந்த எட்டுப் பேரைத் தவிர ஒரு ஆள் இல்லை. அவர்களைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. காலையில் பேசிய வாய் இது. புருஷன் உயிருக்குப் போராடுகிறார், எனக்கு வெட்கம். இதை உங்கள் முன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

நான் கத்தியது அவர்களுக்கே கேட்டிருக்கிறது. கூப்பிடாமலே ஓடி வந்தார்கள். அஞ்சலையக்கா சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"வண்டிப் பாரம் பூரா இந்தக் கல்லுமேலதாம்மா இருக்கு. நாங்க தூக்கிப் பிடிக்கிறோம், நீங்க திருப்புங்க."

எட்டுப் பேரும் முன்பக்கத்தைத் தூக்கி நகர்த்தினார்கள். ஸ்டியரிங் கையில் லேசானது. ஒரே திருப்பு, டக்கென்று விட்டது. அஞ்சலையக்கா சேற்றுக் காலோடு பின்சீட்டில் ஏறி, அவர் காலை அசையவிடாமல் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிவரை வந்தார்.

நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். அங்கே ஊசி போட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தார்.

மெக்கானிக் பூட்டைக் கழற்றிக் காட்டினார். மோட்டார் கொட்டகைச் சாவி, குடோன் சாவி, வீட்டுச் சாவி என்று எல்லாவற்றையும் கார் சாவியோடு கொத்தாகத் தொங்கவிட்டதில், அந்தக் கனத்திலேயே உள்ளே தேய்ந்துவிட்டதாம். சக்கரத்தை ஒடித்து முட்டுக் கொடுத்ததில் பூட்டு இறுகியும் போயிருக்கிறது. இப்போது கார் சாவி தனியாக இருக்கிறது.

அஞ்சலையக்கா வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். பேச ஆரம்பிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

"அது கெடக்கட்டும். அங்க நாத்து முத்திப் போவுது. எப்ப நடுறது, அதச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் எட்டுப் பேரும் வந்து நட்டார்கள். நானும் கூட இறங்கி நாற்றுமுடி எடுத்துக் கொடுத்தேன்.

உங்களில் யாருக்காவது இப்படி வழி அடைபட்டிருந்தால் தயங்காமல் அவரிடம் கேளுங்கள். யாரை அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். நான் காலையில் விரட்டியவர்களைத்தான் அவர் எனக்கு அனுப்பினார்.