அக்கா பனியில் நிறுத்திய மரம்

அக்கா அடக்கமானவர், யாருடனும் முரண்படாதவர் என்று இந்த நினைவு மலரில் எழுதும்படி உறவினர் சிலர் அன்போடு கேட்டுக்கொண்டார்கள். என்னால் அப்படி எழுத முடியவில்லை. நான் அவருடைய ஒரே தங்கை. அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவள். அக்கா முரண்பட்டார். நன்றாகவே முரண்பட்டார். இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்களிற் பலருக்கு அது நேரிலேயே தெரியும்.

சாவகச்சேரியில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் அக்கா. திருமணமாகிச் சில வருடங்களுக்குள் அத்தானை இராணுவத்தினர் வீதியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அத்தான் திரும்பி வரவில்லை. பொட்டை அழிக்கும்படி ஊரவர்கள் சொன்னபோது, "அவரின்ர உடம்பை ஆராவது எனக்குக் காட்டினவையோ?" என்று மட்டும் கேட்டார். கடைசி நாள்வரை அக்காவின் நெற்றியில் பொட்டு இருந்தது. பெட்டியில் கிடத்தியபோதும் நான்தான் இட்டுவிட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் என்னையும் கூட்டிக்கொண்டு அகதியாக ரொறன்ரோவுக்கு வந்தார். வைத்தியசாலைத் துணிகள் தோய்க்கும் தொழிற்சாலையில் வேலை. சவர்க்காரத் தண்ணீரில் கைவிரல்கள் வெடித்திருக்கும். அந்த உழைப்பில்தான் நான் படித்தேன். மல்வேர்ன் பகுதியில் நாங்கள் வாடகைக்கு எடுத்த ரவுண்ஹவுஸ் வரிசை வீட்டின் பின்னால் சிறிய முற்றம் ஒன்று இருந்தது. சனிக்கிழமை விரதத்தில் காகத்துக்குரிய சோற்றை அக்கா அங்கே பனியின்மேல் வைப்பார். காகம் வருவது குறைவு. சின்னக் குருவிகள் வந்து கொத்திப் பார்க்கும். அதற்குள் சோறு உறைந்து கல்லாகியிருக்கும். காற்றுக்கு ஒதுங்க ஒரு பற்றை இல்லை. வேலியில் உடம்பை ஊதிக்கொண்டு குந்தியிருக்கும் அந்தக் குருவிகளைப் பார்த்தபடி விரதச் சாப்பாடு சாப்பிட அக்காவால் முடியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஜனவரி. நத்தார்ப் பண்டிகை முடிந்து, குப்பை வண்டிக்காக வீதியோரம் கிறிஸ்மஸ் மரங்களைப் போட்டிருந்தார்கள். வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கிய அக்கா, அதில் ஒன்றின் அடியைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். இலை இன்னும் பச்சையாகவே இருந்தது. குருவிகள் விழுங்கிவிடுமென்று, ஒட்டியிருந்த சரிகை நூல்களை முதலில் ஒவ்வொன்றாக எடுத்தோம். மரத்தை வாளிக்குள் நிறுத்தி, பனியை அடைத்து, தண்ணீர் ஊற்றினோம். விடியும்போது அது சீமெந்துபோல் இறுகியிருந்தது. உடுப்புக் காயப்போடும் கயிற்றால் மரத்தை வேலிக் கட்டையோடு கட்டினோம். கோது உடைக்காத கச்சான் கடலையை நூலில் கோத்து அக்கா மரத்தைச் சுற்றிவர மாலையாகப் போட்டார். பீநட் பட்டரில் சூரியகாந்தி விதையைக் குழைத்துச் சிரட்டைகளில் அடைத்துத் தொங்கவிட்டார். பாதியாக வெட்டிய ஆரஞ்சுத் தோடம்பழங்களைக் கொப்புகளில் குத்தினார்.

சில நாட்கள் எதுவும் வரவில்லை. பிறகு கறுத்த தலையுள்ள சின்னக் குருவிகள் வந்தன. பின்னால் ஒரு சோடிச் செங்குருவிகள். அணில்கள் மாலையை அறுத்துக்கொண்டு ஓடின. அக்கா வேறு மாலை கட்டினார். அடிக்கொப்புகளுக்குக் கீழே ஒரு முயல் படுக்கத் தொடங்கியது.

சித்தப்பா இதை வாசித்துக் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன். அன்று வந்தவர், "சைவ வீட்டு முற்றத்தில கிறிஸ்மஸ் மரமோ, பிள்ளை? சனம் என்ன சொல்லும்?" என்று கேட்டார்.

"சனத்துக்குப் பசிக்கேல்லை, சித்தப்பா" என்றார் அக்கா.

பசியில்லாத இன்னொருவர் குடியிருப்பின் முகாமையாளர். மற்றவர்கள் எறிந்த குப்பையை முற்றத்தில் வைத்திருக்க முடியாது, எலி வரும், உடனே அகற்றாவிட்டால் வாடகை ஒப்பந்தத்தை முறிக்க வேண்டிவரும் என்று வாசலில் நின்று சொன்னார். எங்கள் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. மரத்தை எடுத்துவிடுவோம் என்று நான் கெஞ்சினேன். அக்கா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"வீட்டை விட்டு ஓடுறது எனக்குப் புதுசில்லை. ஆனா இந்த முறை நான் ஓடமாட்டன்."

அடுத்த நாள் நாங்கள் இல்லாத நேரத்தில் ஆட்கள் வந்து மரத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சிரட்டைகள் பனியில் சிதறிக் கிடந்தன. அக்கா கோட்டைக் கழற்றவில்லை. வந்த வழியே திரும்பி வீதிக்குப் போனார்; நானும் பின்னால் போனேன். இன்னொரு மரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தோம். எதிர்வீட்டில் இருந்த ஜமேக்காப் பெண்மணி பெவர்லி என்ன நடந்ததென்று கேட்டார். அக்கா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். பெவர்லி உள்ளே போய், தன் வீட்டு மரத்தையும் தூக்கிக்கொண்டு வந்தார். அதைத் தன் முற்றத்திலேயே நிறுத்த ஒரு வாளி மட்டும் கேட்டார். அந்த வாரம் முடிவதற்குள் எங்கள் வரிசையில் அரைவாசி முற்றங்களில் மரம் நின்றது. தமிழ் வீடுகளும் அதில் இருந்தன.

குடியிருப்பாளர் கூட்டத்தில் முகாமையாளர் மறுபடி எலியைப் பற்றிப் பேசினார். அது நியாயமான பேச்சு என்று அக்கா எழுந்து ஒத்துக்கொண்டார். நிலத்தில் இனிச் சோறோ பாண் ரொட்டியோ போடுவதில்லை, கட்டித் தொங்கவிடும் விதைகள் மட்டும்தான் என்றார். ஆனால் பனி கரையும்வரை மரம் நிற்கும், எடுத்தால் மறுபடி கொண்டுவருவேன் என்றும் சொன்னார். பெவர்லி தானும் அப்படித்தான் என்றார். வேறு பலரும் கையை உயர்த்தினார்கள். அத்தனை பேரின் ஒப்பந்தத்தையும் முறிக்க முகாமையாளரால் முடியவில்லை. எங்கள் அகதி வழக்கிலும் பின்னர் வென்றோம். அதன்பின் ஒவ்வொரு ஜனவரியும் எங்கள் முற்றத்தில் மரம் நின்றது. வசந்தத்தில் கொப்புகளைத் தறித்து, முயல் ஒதுங்க வேலியோரம் குவித்துவிடுவார்.

மார்பில் வந்த புற்றுநோய் போன வருடம் முதுகெலும்புக்கும் பரவியது. இனிச் சிகிச்சை உதவாது என்று டாக்குத்தர் சொன்னதும், வீட்டுக்கு அனுப்பும்படி அக்கா கேட்டார். இந்த ஜனவரியில் பெவர்லியும் நானும் மரத்தை நிறுத்தியபோது, கட்டிலைக் கண்ணாடிக் கதவோடு தள்ளச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். "சரிஞ்சு நிக்குது. அவிட்டுத் திருப்பிக் கட்டுங்கோ" என்றார். திருப்பிக் கட்டினோம். சில நாட்களின் பின், ஒரு காலைப் பொழுதில், என் கையைப் பிடித்தபடி அக்கா கண்களை மூடினார்.

வீட்டுக்கு வந்து வலிக்கு மருந்து கொடுத்த தாதியருக்கும், கிரியைகள் யாவையும் முன்னின்று நடத்திய சித்தப்பாவுக்கும், தன் வேலையை விட்டு இரவு பகலாக எங்களோடிருந்த பெவர்லிக்கும், தோளில் சுமந்தவர்களுக்கும், சமைத்துத் தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் தலை வணங்குகிறது.

ஒருவர் மட்டும் மிச்சம். குடியிருப்புக்குப் புதிதாக வந்திருக்கும் முகாமையாளர் செத்தவீட்டுக்கு மலர்வளையம் அனுப்பினார், அதற்கு நன்றி. போன வாரம் வாசலுக்கு வந்து, அம்மையார்தான் இல்லையே, மரத்தை இனி எடுக்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார்.

எடுக்க விடமாட்டேன் என்று நானும் மரியாதையாகவே சொன்னேன்.