வராதவளுக்குச் சொன்ன பாடம்

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நான் வாயே திறப்பதில்லை. அந்த வாரம் லீவு போட்டவளை முன்னால் உட்கார வைத்து, மற்ற பெண்கள் வாரப் பாடம் முழுவதையும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டும். புத்தகத்தைத் திறக்கக் கூடாது. அவளுக்குப் புரிகிறவரை யாரையும் விடமாட்டேன். "பேசாமலே சம்பளம் வாங்கறது நீங்க ஒருத்தர்தாங்க" என்று பக்கத்து வகுப்பு ஆசிரியை கிண்டலடிப்பார். அடிக்கட்டுமே!

ஆரணியில், பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பு. ஒரு வெள்ளிக்கிழமை, அந்த வாரம் முழுக்க அக்கா கல்யாணத்துக்காக லீவு போட்டிருந்தவள் காலையிலேயே என்னிடம் வந்துவிட்டாள்.

"மிஸ், இந்த கம்ப்யூட்டர் எனக்கு மண்டையில ஏறல. காமர்ஸ் குரூப்புக்கு மாத்திக்கிறேன்."

குரூப் மாற்ற அன்றுதான் கடைசி நாள். எனக்குச் சுருக்கென்றது. நல்ல பெண், விட மனசில்லை. "கடைசிப் பீரியட் முடிஞ்சதும் ஹெச்.எம். கிட்ட போய்ச் சொல்லு" என்றேன்.

பாடம், இரும எண்கள். எல்லாரும் கோரஸாக ஒப்பித்தார்கள். "கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் பூஜ்யமும்தான் தெரியும்."

"வெறும் ரெண்ட வச்சிகினு செல்லுல அத்தன படம் எப்படி வருது?" என்று கேட்டாள் அவள்.

மறுபடியும் அதே வரியையே ஒப்பித்தார்கள். முந்தின நாள் டெஸ்டில் முழு மார்க் வாங்கிய கூட்டம் இது! பதில் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முன்னால் உட்கார்ந்து கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்தாள்.

"மிஸ், எங்க வூட்டுத் தறி மேல ஜக்கார்டு அட்ட இருக்குது. ஓட்ட இருந்தா இழை மேல போவும், இல்லன்னா கீழயே நிக்கும். அவ்ளோதான். அத வச்சிதான் சேலையில மயிலு, மாங்கா எல்லாம் வுழுது. அதுவா இது?"

"அட, ஆமாண்டி!" என்று பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி கத்தினாள். பாதிப் பேர் வீட்டில் தறி ஓடுகிறது. நான் கலசப்பாக்கத்துக்காரி, தறியைப் பார்த்திருக்கிறேனே தவிர அட்டையைக் கவனித்ததில்லை. அவ்வளவுதான், ஆளாளுக்கு ஓடிவந்து கரும்பலகையில் கட்டம் போட்டார்கள். ஓட்டைக்கு ஒன்று, மற்றதற்குப் பூஜ்யம். மயில் கோழி மாதிரிதான் வந்தது. எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது. என்ன சந்தோஷம் அது!

மணி அடித்தும் ஒருத்தியும் நகரவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன், தலைமையாசிரியை அறையைப் பூட்ட ஆரம்பித்திருந்தார்.

"ஏம்மா, ஹெச்.எம். கெளம்பறாங்க. போகலயா?" என்றேன்.

கையில் சாக்பீஸோடு நின்றவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இருங்க மிஸ், மயிலுக்கு இன்னும் கொண்ட போடல."